அப்பா வெட்டிய சரணங்கள்

கிள்ளானில் வளர்ந்து இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கும் உங்களில் யாருக்காவது, பழைய சினிமாப் பாட்டு ஒன்றை வாய்விட்டுப் பாடும்போது முதல் சரணம் முடிந்ததும் பல்லவிக்கு வந்து அத்தோடு நின்றுவிடும் பழக்கம் இருந்தால், தயவுசெய்து உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். டாக்டரிடமும் போகாதீர்கள். அது என் அப்பா செய்த வேலை.

அப்பா கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார். கிள்ளான் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். ஒரு பக்கம் பூக்கடை, மறு பக்கம் தையல் கடை. நடுவில் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடும் அளவுக்கு எங்கள் கடை. பாட்டுப் பதியும் டெக்கின் தலையைத் துடைக்க அப்பா ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட் வைத்திருப்பார். பூக்கடை மல்லிகையும் அந்த ஸ்பிரிட்டும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தடவினால் எனக்குப் பாட்டுக் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

கடைக் கண்ணாடியில் சிவப்புப் பெயின்டில் ‘ஒரு டேப்பில் இருபது பாட்டு’ என்று எழுதியிருந்தது. அறுபது நிமிஷ டேப்பில் ஒழுங்காகப் பதிந்தால் பதிமூன்று பாட்டுக்குமேல் போகாது. மற்ற கடைக்காரர்கள் அப்படித்தான் கொடுத்தார்கள். அப்பா மட்டும் இருபது போட்டார். எப்படி என்று கேட்டவர்களிடம், “அது தொழில் ரகசியம் லா” என்று சிரிப்பார்.

ரகசியம் ஒன்றுமில்லை. உங்களுக்குத் தெரியும், நம் சினிமாப் பாட்டு எல்லாம் ஒரே அளவில் தைத்த சட்டைதான். முதலில் கொஞ்சம் இசை. பிறகு பல்லவி. அப்புறம் இடையிசை, வயலினோ புல்லாங்குழலோ. முதல் சரணம். திரும்பப் பல்லவி. அதன்பின் இரண்டாவது இடையிசை, இரண்டாவது சரணம், கடைசியாகப் பல்லவி. அப்பா என்ன செய்தார் என்றால், இரண்டாவது இடையிசை தலைகாட்டும் அந்த இடத்தில் குமிழைத் திருப்பி ஓசையை மெல்லக் குறைத்துவிடுவார். இரண்டு விரலால், கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குறைப்பார். வெட்டினது யாருக்கும் தெரியாது. பாட்டு தானாகவே தூங்கிப்போன மாதிரி இருக்கும். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

“வெட்டு விழுந்தா கஸ்டமர் கண்டுபிடிச்சிடுவான். நான் கரைச்சு விடுறேன்,” என்று பல வருஷம் கழித்துச் சொல்வார்.

எங்களுக்கு அப்போது இது தெரியாது. எனக்கும் அக்காவுக்கும் பாட்டு என்றாலே அவ்வளவுதான். ரேடியோவில் கேட்டிருக்கமாட்டீர்களா என்று கேட்பீர்கள். ரேடியோவை அப்பா வீட்டுக்குள் விட்டதே இல்லை. அது சும்மா பாட்டுப் போடுகிறது, நம் பிழைப்பைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக எப்போதாவது கேட்கும். நமக்குத் தெரிந்த பாட்டு தெரியாத வரிகளோடு நீண்டுபோகும். அது வேறு படத்துப் பாட்டு என்று நாங்களே முடிவுசெய்துகொள்வோம். கேசட் அட்டையில் பாட்டுப் பெயர் எழுதும் வேலை அம்மாவுக்கு. ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை உலகத்தில் மொத்தமே இரண்டு பாட்டுதான், ஒன்று அழுகை, இன்னொன்று குத்து.

நான் சொல்ல வந்தது, எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தீபாவளிக்குச் சில வாரம் முன்பு தொடங்கி தை மாதம் வரை நடந்தது.

அக்கா அப்போது பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவம் எழுதி முடிக்கும் நேரம். அவளுக்கு நல்ல குரல். என் அக்கா என்பதால் சொல்லவில்லை, அவள் பாட ஆரம்பித்தால் தையல் கடையில் மெஷின் நின்றுவிடும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கம் தீபாவளிக்குப் பாட்டுப் போட்டி வைத்தது. பின்னணிக்கு நிஜமான இசைக்குழு. அந்தக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டதால், போட்டியில் நன்றாகப் பாடுகிற பெண்ணைச் சேர்த்துக்கொள்வதாகக் குழுத் தலைவரே அறிவித்திருந்தார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

அக்காவுக்கு அந்த இடம் வேண்டும். பரிசுக்கோப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாஸ்டர் குழுவில் சேர்ந்தால் வாரா வாரம் கல்யாணத்தில் பாடலாம், மைக் பிடிக்கலாம், நல்ல சேலை கட்டலாம். என்னை உட்காரவைத்து வீட்டு விளக்குமாற்றுக் காம்பை மைக்காகப் பிடித்துப் பாடிக் காட்டுவாள்.

அவள் எடுத்த பாட்டு பழைய படம் ஒன்றில் வருவது. ஆற்றைக் கடந்துபோன காதலனுக்காக ஒரு பெண் கரையில் விளக்கு ஏற்றிவைத்துக் காத்திருக்கிறாள். வருவான், வருவான் என்று பாடுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. அதாவது, எங்களுக்குத் தெரிந்த பாட்டு. அக்கா அதைச் சிரித்த முகமாகப் பாடுவாள். அப்படித்தான் பாடவேண்டும் என்று அப்பாவும் சொல்லிக்கொடுத்திருந்தார். “காத்திருக்கிறவ சந்தோஷமாத்தானே இருப்பா? சிரி, நல்லா சிரி.”

போட்டிக்கு முந்தின நாள் இசைக்குழுவோடு ஒத்திகை இருந்தது. இங்கேதான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அக்கா போகவேண்டும் என்றாள். அப்பா விடவில்லை.

“பாட்டு தெரியும்ல?”

“தெரியும்ப்பா.”

“அப்புறம் என்ன ஒத்திகை? அது தெரியாதவங்களுக்கு வைக்கிறது. சனிக்கிழமை, கடையில கூட்டம். அம்மாகூட நீயும் அட்டை எழுதணும்.”

சனிக்கிழமை முழுக்க அக்கா உட்கார்ந்து கேசட் அட்டை எழுதினாள்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன, ஆனால் ஒருவர்மேலும் காற்றுப் படவில்லை. மூன்றாவது வரிசையில் அப்பா, அம்மா, நான். அக்கா எட்டாவதாக மேடை ஏறினாள். பல்லவி, முதல் சரணம், பல்லவி. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அவளைப்போல யாரும் பாடவில்லை. மாஸ்டர் அக்கார்டியனை வாசித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த கிதார்காரரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதை நான் பார்த்தேன்.

பல்லவி முடிந்ததும் அக்கா கைகூப்பி, “நன்றி, வணக்கம்,” என்றாள். சபையும் கைதட்டியது.

ஆனால் குழு நிறுத்தவில்லை. புல்லாங்குழல் எழும்பியது. அக்கா திரும்பிப் பார்த்தாள். யாரோ தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். புல்லாங்குழல் முடிந்து, தபலா ஒரு சுற்றுச் சுற்றி அக்காவுக்கு இடம்விட்டது. அக்கா பாடவில்லை. தபலா இன்னொரு சுற்றுச் சுற்றியது. மாஸ்டர் தலையை ஆட்டி, வா வா என்று கண்ணால் கூப்பிட்டார்.

அக்கா புத்திசாலி. என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டாலும் என்ன செய்யலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் சரணத்தையே திரும்ப எடுத்தாள். மெட்டு பொருந்தியது. சபையில் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. இன்னும் இரண்டு நிமிஷம் போயிருந்தால் தப்பித்திருப்பாள்.

அப்போதுதான் அப்பா எழுந்தார்.

“பாட்டு முடிஞ்சுபோச்சு! என்ன இன்னும் வாசிச்சுக்கிட்டே இருக்கீங்க?”

அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்பா உதறிவிட்டு மேடைப் படியில் ஏறினார். அக்கா பாடிக்கொண்டே அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள், வேண்டாம், வேண்டாம் என்று. அவர் நேராக மாஸ்டரிடம் போய் நின்றார்.

“இந்தப் பாட்டுக்கு ரெண்டாவது சரணம் கிடையாது, மாஸ்டர். நான் ஆயிரம் தடவ பதிஞ்சவன்.” வெட்டி வெட்டி, வெட்டியதுதான் பாட்டு என்று அவரே நம்பிவிட்டிருந்தார்.

மாஸ்டர் வாசிப்பதை நிறுத்தினார். ஒவ்வொருவராக எல்லாரும் நிறுத்தினார்கள். கடைசியில் அக்காவின் குரல் மட்டும் மைக்கில் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

“அங்கிள்,” என்றார் மாஸ்டர் பொறுமையாக, “இருக்கு. நேத்து ஒத்திகைக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

சபை சிரித்தது. எல்லா வரிசையும் சிரித்தது. அப்பா இறங்கவில்லை. இறங்கினால் தோற்றுவிட்டதாக ஆகிவிடுமாம். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து தோளில் கைபோட்டு இறக்கினார்கள்.

நாங்கள் வெளியே பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது மாஸ்டர் வந்து அம்மாவிடம் தனியாகப் பேசினார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் கேட்டது. “பாப்பா நல்லாத்தான் பாடுது. எடுத்துக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா ஒவ்வொரு கல்யாணத்துலயும் அவங்க அப்பா மேடை ஏறினா நான் என்ன செய்யறது, சொல்லுங்க.”

அப்பா பஸ்ஸில் கிள்ளான் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார், குழுவுக்குப் பாட்டுத் தெரியவில்லை என்று. வீட்டில் சொன்னார். தீபாவளியன்று வந்தவர்களிடம் எல்லாம் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்.

அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரே வீட்டில், ஒரே கடையில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது என்றால், நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். “அவர்கிட்ட சொல்லு, டேப் தீந்துபோச்சு.” “அவகிட்ட சொல்லு, அலமாரியில இருக்கு.” “அவர்கிட்ட சொல்லு, அலமாரி பூட்டியிருக்கு.” “அவகிட்ட சொல்லு, சாவி அம்மாகிட்ட.” இருவருக்கும் நடுவே மூன்றடிகூட இருக்காது. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாக விழுந்திருக்கும். இருந்தாலும் நான் திரும்பச் சொல்லும்வரை காத்திருப்பார்கள். அந்தப் பள்ளி விடுமுறை முழுக்க என் தொண்டை கட்டியே இருந்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பாரில் உறவு வழியில் ஒரு சாவு. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே போய்விட்டார்கள். கடையை எங்களிடம் விட்டுவிட்டு, “ஒரிஜினலைத் தொடாதீங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார் அப்பா. கண்ணாடி அலமாரியில் இந்தியாவிலிருந்து வந்த ஒரிஜினல் கேசட்டுகள் இருந்தன. அதிலிருந்துதான் அவர் பதிவார். நாங்கள் கேட்டால் தேய்ந்துவிடும் என்று தொடவே விடமாட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா கடைக் கதவைப் பாதி இறக்கினாள். கண்ணாடி அலமாரியைத் திறந்து அந்தப் பாட்டு இருந்த கேசட்டை எடுத்து டெக்கில் போட்டாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பல்லவி. முதல் சரணம். பல்லவி. அப்புறம் அதே புல்லாங்குழல். பிறகு எங்களுக்குத் தெரியாத வரிகள் வந்தன.

இரண்டாவது சரணத்தில் அவன் வந்துவிடுகிறான். எதிர்க்கரையில் நிற்கிறான். பக்கத்தில் இன்னொருத்தி, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. இங்கே நிற்பவள் எல்லாவற்றையும் பார்க்கிறாள். தன் விளக்கு அவன் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று திரியைத் தானே இறக்கிவிடுகிறாள். கடைசியாகப் பல்லவி திரும்ப வருகிறது. அதே ‘வருவான், வருவான்’தான், ஆனால் பாடுகிறவளின் குரலே வேறாக இருந்தது.

அக்கா கேசட்டை வெளியே எடுத்தாள். பிறகு, “நான் சிரிச்சுக்கிட்டே பாடினேன்டி,” என்றாள்.

அதற்கப்புறம் நாங்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு கேசட்டாக எடுத்துப் போட்டோம். எல்லாவற்றிலும் இருந்தது. தாலாட்டு என்று நினைத்திருந்த பாட்டில் குழந்தையின் அப்பா ஜெயிலில் இருந்தான். கிண்டல் பாட்டு என்று நினைத்ததில் கிண்டல் பண்ணுகிறவன் கடைசியில் மன்னிப்புக் கேட்டான். ஒரு டூயட்டில், அதுவரை ஆண் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த பெண் இரண்டாவது சரணத்தில்தான் வாயைத் திறந்து பதில் சொன்னாள். “இதுலயும் இருக்குடி! இதுலயும் இருக்கு!” என்று அக்கா கத்துகிறாள். நான் முதலில் சிரித்தேன். அப்புறம் அக்கா அழுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று. பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து பார்த்த பூக்கடை ஆன்டி, யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்.

அப்பா சாவு வீட்டிலிருந்து குளித்த ஈரத்தலையோடு வந்து நின்றபோது தரை முழுக்க ஒரிஜினல்கள். அக்கா இரண்டு மாதத்தில் முதல்முறையாக நேராக அவரிடம் பேசினாள்.

“ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க?”

“என்ன செஞ்சேன்?”

“எல்லாப் பாட்டையும் பாதியில நிறுத்தியிருக்கீங்க.”

“பாதி இல்ல. முக்கால்,” என்றார் அப்பா. அந்தக் கணத்திலும் கணக்கு! “பல்லவி வந்திருச்சு, மெட்டு வந்திருச்சு, சரணம் ஒண்ணு வந்திருச்சு. ரெண்டாவது சரணம் என்ன? அதே மெட்டு, வேற வார்த்தை. புதுசா என்ன இருக்கு அதுல? ஒண்ணு கேட்டா போதாதா?”

அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

“அப்ப இவ எதுக்கு? நான் ஒருத்தி போதாதா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கும் தெரியவேண்டியிருந்தது, இது என் பிரச்சினையாகிவிட்டது.

“அது வேற,” என்றார் அப்பா கடைசியில். பிறகு குனிந்து கேசட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஆனாலும் அந்த வாரம் அம்மா நடுவில் புகுந்து ஒரு ஏற்பாடு செய்தார். சனிக்கிழமைகளில் அக்கா தன் இஷ்டப்படி முழுப் பாட்டாகப் பதியலாம். அக்கா கடைக் கண்ணாடியில் ‘முழுப் பாட்டு’ என்று பெரிதாக எழுதி ஒட்டினாள். நாங்கள் இருவரும் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்து, ஒரு குமிழையும் திருப்பாமல், கடைசிப் பல்லவியின் கடைசி ஓசைவரை பதிந்தோம். ஊரே வந்து நன்றி சொல்லப்போகிறது என்று நினைத்தேன்.

ஊர் வந்தது. முதலில் வந்தவர் பந்திங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரிக்கார அண்ணன்.

“என்ன தங்கச்சி, பன்னெண்டு பாட்டுத்தான் இருக்கு? அப்பா இருபது போடுவாரே?”

“முழுசா இருக்குண்ணே. ரெண்டாவது சரணமெல்லாம் இருக்கு.”

“அது எனக்கு எதுக்கு? போத்தோங் பண்ணி, வெட்டிக் குடு லா. பாட்டு மாறிக்கிட்டே இருந்தாத்தான் தூக்கம் வராது.”

அக்கா அவரோடு வாதாடினாள். டூயட்டில் அந்தப் பெண் பதில் சொல்வதைச் சொன்னாள், தாலாட்டில் வரும் ஜெயிலைச் சொன்னாள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கதை நல்லாருக்கு. இருபதா பண்ணிக் குடு,” என்றார். அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்து வந்த பெண்ணும் அதையே. மூன்றாவது சனிக்கிழமை ஒரு டீச்சர், பாட்டு நீளமாக இருக்கிறது என்று திருப்பியே கொடுத்துவிட்டார். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து டெக்கின் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், முகத்தில் அந்தத் தொழில் ரகசியச் சிரிப்போடு. அக்கா ஒட்டிய தாளை அவளே கிழித்தாள்.

ஆகவே உங்களையும் நான் சும்மா விடுவதாக இல்லை. அப்பா வெட்டினார் என்றேன். வெட்டச் சொன்னது நீங்களும் உங்கள் அப்பா அம்மாவும்தான்.

தை பிறந்ததும் மாஸ்டரே கிள்ளானுக்கு வந்தார். போட்டியில் அவர் எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது, கல்யாண மாதத்தில் பாட ஆள் இல்லை. அக்காவைக் கேட்டார். அப்பாவை நேராகப் பார்த்து, “ஒரே ஒரு விஷயம் அங்கிள், நீங்க மண்டபத்துக்குள்ள வரக்கூடாது,” என்றார்.

“நான் எதுக்கு வரேன்? எனக்கு வேற வேலை இல்லையா?” என்றார் அப்பா.

அக்கா அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் குழுவில் பாடினாள், காஜாங்கிலிருந்து கோலக்கிள்ளான்வரை அவள் பாடாத மண்டபம் இல்லை. முதல் கல்யாணம் கிள்ளானிலேயே அமைந்தது. அப்பா தையல் கடைக்காரரின் காரை இரவல் வாங்கி எங்களைக் கொண்டுபோய் இறக்கினார். அக்கா முன்பே ஆசைப்பட்ட மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தாள். இந்தத் தடவை ஒத்திகைக்கு இரண்டு நாள் போய்வந்திருந்தாள்.

மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணத்தில் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? குழந்தைகள் ஓடுகிறார்கள், பெண்கள் சேலை விலை விசாரிக்கிறார்கள், பந்திக்கு இடம்பிடிக்க ஆட்கள் மெல்ல நகர்கிறார்கள். அக்கா மணப்பெண்ணைக் கேலி செய்யும் பாட்டு ஒன்றைப் பாடினாள். முதல் சரணம் முடிந்து பல்லவிக்கு வரும்போது, மாஸ்டர் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி ஆட்டினார். வெட்டு, அடுத்த பாட்டுக்குப் போ என்று அர்த்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாஸ்டருமா!

அக்கா பார்த்தாள். பார்த்ததும் அவருக்கு முதுகைக் காட்டித் தபலாக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டு, இடையிசைக்குக்கூடக் காத்திராமல், இரண்டாவது சரணத்தை எடுத்துவிட்டாள். மாஸ்டர் வேறு வழியில்லாமல் அக்கார்டியனோடு பின்னால் ஓடினார். அப்பா மகள்தானே அவள்.

நான் அப்பாவுக்காகச் சோறு போட்டு வைத்திருந்த தட்டோடு வெளியே ஓடினேன். அவர் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். மண்டப வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் அக்கா பாடிக்கொண்டிருந்தாள். அதுவரை கேலி செய்த பாட்டில், இந்தச் சரணத்தில் மணப்பெண்ணே தன் அப்பாவிடம் பேசுகிறாள். நாளைக்கு நான் வந்தால் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டுமா என்று கேட்கிறாள். அந்தப் பாட்டை அப்பா நூறு டேப்பிலாவது பதிந்திருப்பார். இந்த வரியைக் கேட்டதில்லை.

நான் தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைக் காட்டி, இரு என்றார். தட்டு சூடாக இருந்தது. நான் கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பல்லவி வந்து, முடிந்து, கொஞ்சமாகக் கைதட்டல் கேட்டது.

“முடிஞ்சுதா?” என்றார் அப்பா.

“முடிஞ்சுது.”

“மூணாவது ஒண்ணு இருக்கா?”

“இல்லப்பா. ரெண்டுதான்.”

ஒலிபெருக்கியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டை வாங்கினார். அப்பளம் நமத்துப்போயிருந்தது. அதற்கு என்னைத் திட்டினார்.